மூன்று செண்ட் கொல்லையும் ஒரு பிடி அவரை விதையும்

ஆடி பிறந்துவிட்டது. பதினெட்டாம் பெருக்குக்குள் விதை மண்ணில் விழுந்துவிட வேண்டும் என்று எங்கள் பக்கத்துக் கிழவிகள் இன்னும் அவசரப்படுத்துகிறார்கள். சுரை, பீர்க்கு, புடல், பரங்கி, அவரை, மொச்சை எல்லாவற்றுக்கும் இதுதான் பட்டம். இந்த வாரம் மன்னார்குடியிலோ திருவாரூரிலோ விதைக்கடைப் பக்கம் போனால் கூட்டம் நிற்கிறது. வண்ணப்படம் போட்ட பொட்டலங்கள் தோரணமாகத் தொங்குகின்றன. 'நாட்டு விதை' என்று தனியாக ஒரு தட்டும் வந்துவிட்டது. அதற்கு விலை கூடுதல்.

அந்தத் தட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் அப்பாயி நினைவுக்கு வருவாள். அவள் விதையை விலைக்கு வாங்கியதே இல்லை. அடுப்புக்கு மேலே உறியில் இரண்டு சுரைக்குடுக்கைகள் தொங்கும். ஒன்றில் அவரையும் மொச்சையும், இன்னொன்றில் கத்தரியும் மிளகாயும் கீரையும் இருக்கும். பரங்கி விதையைச் சாணியில் பொதிந்து சுவரில் வட்டமாக அப்பிவிடுவாள். ஆடியில் சுவரிலிருந்து பெயர்த்து அப்படியே குழியில் வைப்பாள். புகையும் சாணியும் சாம்பலும்தான் அவளுடைய விதைக் கிடங்கு.

ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். அவள் நட்டதெல்லாம் கொடிகளும் செடிகளும்தான், மரம் கிடையாது. ஒரு முருங்கைப் போத்து நட்டால் ஆறு மாதத்தில் கீரை பறிக்கலாமே, ஏன் நடவில்லை என்று பள்ளியில் படிக்கும்போது கேட்டேன். "மரம் வச்சா பாத்தியதை வந்துரும்னு பண்ணையில விடமாட்டாங்கடா. கொடின்னா அறுத்துக்கிட்டு வேற எடம் போயிரலாம்" என்றாள். அந்த வயதில் எனக்கு அது விளங்கவில்லை. முதுகலை முடித்து, நிலச் சட்டங்களைப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் விளங்கியது. அவள் குடியிருந்த மண் அவளுடையது இல்லை. குடிசை பண்ணையின் இடத்தில் நின்றது. வேலைக்கு வரவில்லை என்றாலோ கூலி கூட்டிக் கேட்டாலோ குடிசையைப் பிரித்துக்கொண்டு போகச் சொல்லலாம். அப்படி வாழ்ந்தவள் எதை நடுவது என்று முடிவு செய்யும்போது, தூக்கிக்கொண்டு ஓட முடிகிறதா என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டியிருந்தது.

வீட்டுத்தோட்டம், மரபு விதை, பல்வகைப் பயிர் என்று இன்று நிறையப் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் டெல்டாவின் சேரிகளைப் பொறுத்தவரை, விதைக்கு முன்னால் மண்ணைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

கொல்லை யாருக்குச் சொந்தம்?

1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமன்ஹீர் அரசுக்கு அனுப்பிய அறிக்கையைப் பஞ்சமி நிலத்தின் தொடக்கம் என்று எல்லோரும் சொல்வோம். அடுத்த ஆண்டே பஞ்சமி நில ஆணை வந்தது. ஆனால் அந்த அறிக்கை விளைநிலத்தை மட்டும் பேசவில்லை. சேரி மக்கள் குடியிருக்கும் மனைக்கே அவர்களுக்குப் பாத்தியதை இல்லை, வெளியேற்றிவிடுவோம் என்ற மிரட்டல் அவர்களை அடிமைபோலக் கட்டிவைத்திருக்கிறது என்பதையும் அது பேசியது. பின்னர் சென்னை மாகாணத்தில் தொழிலாளர் துறை ஏற்பட்டு, தாழ்த்தப்பட்டோருக்கு மனை வாங்கித் தர முயன்றது. அப்போது மிராசுதாரர்கள் எப்படியெல்லாம் முட்டுக்கட்டை போட்டார்கள் என்பதை ரூபா விஸ்வநாத் 2014இல் வெளிவந்த 'தி பறையா பிராப்ளம்' என்ற ஆங்கில நூலில் ஆவணங்களோடு எழுதியிருக்கிறார். வரலாறு படிக்கும் மாணவர்கள் அதைத் தேடிப் படிக்கலாம். ஒரு குடிசை நிற்கும் அளவு மனைக்கு இவ்வளவு எதிர்ப்பு ஏன் என்று தோன்றும். மனை சொந்தமாகிவிட்டால் கூலியைப் பேரம் பேசலாம் என்பது மிராசுதாரருக்குத் தெரியும்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1952இல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், 1961இல் குடியிருப்பிலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்கும் சட்டம், கடைசியாக 1971இல் குடியிருப்பை உரிமையாக்கும் சட்டம் என்று ஒவ்வொன்றாக வந்தன. எதுவும் சும்மா வரவில்லை. செங்கொடிச் சங்கங்களின் இருபத்தைந்து ஆண்டுப் போராட்டமும், 1968 டிசம்பர் 25 இரவில் கீழவெண்மணியில் எரிந்துபோன 44 உயிர்களும் அதற்கு முன்னால் இருக்கின்றன.

1971ஆம் ஆண்டுச் சட்டப்படி, அந்த ஆண்டு ஜூன் 19ஆம் தேதி அன்று பிறர் நிலத்தில் வாடகைக்கோ அனுமதியின் பேரிலோ குடியிருந்த விவசாயிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் அந்த மனை சொந்தமானது. அதில் 'குடியிருப்பு' என்ற சொல்லுக்குத் தரப்பட்ட விளக்கம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. வீடோ குடிசையோ நிற்கும் இடம் மட்டும் குடியிருப்பு அல்ல. அந்த வீட்டை வசதியாக அனுபவிக்கத் தேவையான, அதை ஒட்டிய இடமும் சேர்ந்ததுதான் குடியிருப்பு. நம் வழக்கில் சொன்னால், கொல்லையும் சேர்த்தி. சட்டம் எழுதியவர்கள் அவரைப்பந்தலை மனதில் வைத்து எழுதினார்களோ என்னவோ, அந்த ஒரு வரி அப்பாயி வீட்டு முருங்கைக்கு இடம் கொடுத்தது. பட்டா வந்த ஆண்டு அவள் முதலில் செய்த காரியம் வேலி ஓரத்தில் இரண்டு போத்து ஊன்றியதுதான்.

கூரைக்குப் பதில் காங்கிரீட், படலுக்குப் பதில் மதில் என்று இப்போது தெரு மாறியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் பட்டா கிடைத்து, வீடும் கட்டி, கொல்லையில் சிமெண்டுத் தளம் போட்டுவிட்டு, சந்தையில் கத்தரிக்காய் வாங்குகிற வீடுகளும் நம் தெருவில் கூடிவிட்டன. யாரையும் குறை சொல்லவில்லை. சேறு மிதித்துக் களைத்த கால்களுக்குச் சிமெண்டுத் தரை மேல் ஆசை வருவது இயற்கை. ஒரு பக்கம் மட்டும் மண்ணை விட்டுவைக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஆதிதிராவிடர் நத்தத்தில் பெரும்பாலும் மூன்று செண்ட் கொடுக்கிறார்கள். ஒரு செண்ட் 435.6 சதுர அடி. மூன்று செண்ட் என்றால் சுமார் 1,306 சதுர அடி. கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் வீடு 360 சதுர அடி. கழிப்பறைக்கும் நடைக்கும் இன்னொரு 250 அடி விட்டாலும், சுமார் 700 சதுர அடி மிஞ்சும். நாலைந்து பேர் உள்ள வீட்டுக்கு ஆடி முதல் மாசி வரை பெரும்பகுதிக் காயும் கீரையும் எடுக்க இது போதும்.

எதை நடுவது?

டெல்டாவில் வீட்டுத்தோட்டம் போடுகிறவருக்கு முதல் எதிரி ஐப்பசி, கார்த்திகை மழை. நத்தம் எப்போதும் பள்ளத்தில்தான் இருக்கும். ஊர் மேட்டிலும் சேரி பள்ளத்திலும் அமைந்தது தற்செயல் அல்ல. தண்ணீர் முதலில் நம் கொல்லைக்குத்தான் வரும். அதனால் இங்கே சமதளப் பாத்தி உதவாது. ஒரு முழம் உயரத்துக்கு மண்ணைக் கூட்டி, எருவும் சருகும் கலந்து மேடாக்கி, அதன் மேல்தான் குழி போட வேண்டும். ஆடியில் விதை விழுந்தால் புரட்டாசிக்குள் கொடி பந்தலேறிவிடும். பிறகு கீழே நாலு நாள் தண்ணீர் நின்றாலும், மேட்டில் இருக்கும் வேர் தாங்கும். பட்டம் தவறி ஆவணிக் கடைசியில் போட்டால், இளங்கொடி மழையில் அழுகிவிடும். அப்பாயி பதறியதற்குக் காரணம் இதுதான்.

பந்தலுக்கு முதலில் நான் சொல்வது அவரை. நம் பக்கத்து நாட்டு அவரைகள் பகல் குறுகும்போதுதான் பூக்கும். ஆடியில் போட்டாலும் ஆவணியில் போட்டாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான் பூ வரும். பொங்கல் கூட்டுக்குக் காய் சரியாக நிற்கும். பட்டை அவரை, கோழி அவரை, ஊதா விளிம்பு போட்ட அவரை என்று ஒரே தெருவில் நான்கு வகை பார்த்திருக்கிறேன். கடையில் விற்கும் குட்டை அவரை எந்தப் பருவத்திலும் காய்க்கும். அதை வைத்தால் தவறில்லை. ஆனால் பந்தல் அவரை ஒரு கொடி இருந்தால் மாசி வரை பறிக்கலாம்.

வேலிக்குத் தம்பட்டங்காய், கொடிப்பசலை, தூதுவளை, முடக்கத்தான். கழுவும் நீர் போகிற இடத்தில் சேம்பும் வாழையும். வாழையில் மொந்தன் ஒன்று இருந்தால் காயும் பூவும் தண்டும் இலையும் ஆகும். நிழல் விழும் மூலையில் கருணையோ சேனையோ ஒரு கிழங்கைப் புதைத்துவிட்டு மறந்துவிடலாம். மூக்குத்தி அவரை என்று ஒன்று இப்போது விதைத் திருவிழாக்களில் பெயர் பெற்றிருக்கிறது. அது அவரையே அல்ல, சர்க்கரைவள்ளியின் இனம். பூவின் காம்புப் பகுதியைத்தான் சமைக்கிறோம். சுவையாக இருக்கும், வைத்துப் பாருங்கள்.

கீரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நடவுக்கும் களைக்கும் போன நம் பெண்கள் மடியில் கட்டிக்கொண்டு வந்த வரப்புக் கீரைகளை யாரும் விதைத்தது கிடையாது. பொன்னாங்கண்ணி, வல்லாரை, மூக்கிரட்டை, குப்பைக்கீரை எல்லாம் கூலியோடு சேர்ந்து வீட்டுக்கு வந்த கறி. களைக்கொல்லி வந்த பிறகு வரப்பு மொட்டையாகிவிட்டது. களை எடுக்கும் வேலையும் போயிற்று, கீரையும் போயிற்று. இன்று அவற்றைப் பார்க்க முடிகிற இடம் வாய்க்கால் ஓரமும் சில வீட்டுக் கொல்லைகளும்தான். பொன்னாங்கண்ணித் தண்டு நான்கைக் கிள்ளி ஈரமான மூலையில் ஊன்றிவிடுங்கள். அதற்கு விதைக்கடை தேவையில்லை.

கத்தரிக்கு ஊருக்கு ஊர் ஒரு பெருமை உண்டு. நம் பக்கத்தில் பொய்யூர்க் கத்தரி. வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்கு 2023இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. மரபணு மாற்றிய பி.டி. கத்தரிக்கு 2010 பிப்ரவரி 9 அன்று அன்றைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் தடை அறிவித்தபோது, கத்தரியின் பல்வகைமை நிறைந்த நாடு இது என்பதும் அவர் எடுத்துக்கொண்ட காரணங்களில் ஒன்று. அந்தப் பல்வகையைக் காத்தது யார் என்று எந்தக் கோப்பிலும் இல்லை. வீட்டுக்கு வீடு, வருடா வருடம், நல்ல காயைச் சமைக்காமல் செடியிலேயே பழுக்கவிட்ட பெண்கள்தான் காத்தார்கள்.

விதையை எடுத்துவைப்பது

பொட்டலத்தில் 'வீரிய ஒட்டு' என்று போட்டிருந்தால், அது முதல் தலைமுறைக் கலப்பு. நன்றாகக் காய்க்கும். ஆனால் அதிலிருந்து எடுத்த விதை தாயைப்போல் வராது. ஒன்று நெட்டை, ஒன்று குட்டை என்று பிரியும். அடுத்த ஆடிக்கு மறுபடி கடைக்குத்தான் போக வேண்டும். 'ரகம்' என்று போட்டிருந்தால், அது பல்கலைக்கழகம் வெளியிட்டதாக இருந்தாலும், விதை எடுத்து வைக்கலாம். தோட்டக்கலைத் துறையில் விதை வாங்கும்போது இந்த ஒரு கேள்வியைக் கேட்டு வாங்குங்கள். வீரிய ஒட்டை விஷம் என்று சிலர் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. விற்பனைக்குப் பயிரிடுகிறவர் தன் கணக்கைப் பார்த்து வாங்கிக்கொள்ளட்டும். கையில் காசு இல்லாத ஆடியிலும் விதைக்க வேண்டிய வீட்டுக்கு, எடுத்துவைக்க முடிகிற விதைதான் விதை.

முதலில் அவரையில் பழகலாம். பெரும்பாலும் தன் பூவிலேயே சூல் கொள்ளும் செடி, எளிதில் கலக்காது. செழிப்பான கொடியில் நடுப்பருவத்துக் காய்களைக் கொடியிலேயே காயவிட்டு, நெற்று சலசலக்கும்போது பறித்து, உரித்து, நிழலிலும் இளவெயிலிலும் காயவைத்து, சாம்பலில் புரட்டி, வசம்புத் துண்டு ஒன்றோடு அடைத்து வைத்தால் வண்டு வராது. கத்தரியென்றால் பழம் மஞ்சளாகும் வரை விட வேண்டும். பிசைந்து தண்ணீரில் விட்டு, மிதப்பதைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கும் விதையை மட்டும் எடுத்துக் காயவைக்க வேண்டும்.

கொடிக்காய்களில்தான் சிக்கல். சுரையும் பீர்க்கும் ஒன்றோடொன்று கலக்காது. ஆனால் உங்கள் வீட்டுக் குண்டுச்சுரையும் எதிர்வீட்டு நீட்டுச்சுரையும் வண்டின் உபயத்தால் கலந்துவிடும். அடுத்த ஆண்டு குண்டுமில்லாமல் நீளமுமில்லாமல் ஒன்று காய்க்கும். விதைக்கென்று வைக்கும் காய்க்கு மட்டும், பூ விரியுமுன் ஆண்பூ, பெண்பூ இரண்டின் மொட்டையும் நூலால் கட்டிவிட்டு, விரியும் நேரத்தில் ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தடவி, மறுபடி கட்டிவிட வேண்டும். பூவுக்கு அடியில் பிஞ்சு இருந்தால் அது பெண். சுரை சாயங்காலம் பூக்கும், பரங்கி விடியலில் பூக்கும். உயிரியல் படிக்கும் பிள்ளைகள் இதை வீட்டில் செய்து காட்டலாம். பாட்டிகள் முதலில் சிரிப்பார்கள், பிறகு அவர்களே நூலைக் கொண்டுவந்து தருவார்கள்.

பெயர் யாருடையது?

திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் 2006 முதல் நடந்துவரும் நெல் திருவிழா இந்தப் பகுதிக்குப் பெருமை. இளங்காட்டில் பிறந்த நம்மாழ்வாரின் வழிகாட்டுதலில் 'நெல்' ஜெயராமன் 174 பாரம்பரிய நெல் வகைகளை மீட்டார். இரண்டு கிலோ விதை வாங்குகிறவர் அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்ற ஏற்பாடு, விதையைக் கடைச்சரக்காக்காமல் பரப்பியது. 2018 டிசம்பர் 6 அன்று அவர் மறைந்த பிறகும் அந்த முறை ஓர் எடுத்துக்காட்டாக நிற்கிறது.

ஆனால் நெல் விதையை வாங்கிப் பெருக்க வயல் வேண்டும். நடவு நட்டு, அறுத்து, தூற்றி, மாப்பிள்ளைச் சம்பாவுக்கும் காட்டுயானத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கைப்பழக்கத்தில் அறிந்திருந்த நம் வீடுகளில் பெரும்பாலானோருக்கு வயல் இல்லை. கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனின் 'லாஃப்டி' இயக்கம் நாகை, திருவாரூர்ப் பகுதியில் நிலமற்ற பெண்கள் பெயரிலேயே நிலத்தைப் பதிவு செய்து கொடுத்தது பெரிய காரியம். அது போய்ச் சேராத தெருக்கள் இன்னும் இருக்கின்றன. அந்தத் தெருக்களில் இருப்பது கொல்லை. காய்கறி விதைக்கு ஏக்கர் கணக்கில் இடம் வேண்டாம். இரண்டுக்கு நான்கு என்ற அதே கணக்கைத் தெருவுக்குள் நடத்தலாம். ஒரு வீடு ஒரு வகையைப் பொறுப்பெடுத்துக்கொண்டு, பத்து விதை வாங்கியவர் இருபதாகத் திருப்பினால் போதும். ஒரு வீட்டில் விதை அழிந்தாலும் இன்னொரு வீட்டில் இருக்கும். 2018 நவம்பர் 16 அன்று கஜா அடித்தபோது கூரையோடு உறியும் குடுக்கையும் போன வீடுகள் எத்தனையோ. விதையைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவைத்திருந்தவர்களுக்குத்தான் அடுத்த ஆடியில் அவரை முளைத்தது.

இன்னொரு விஷயம், குறிப்பாக மாணவர்களுக்கு. 2001ஆம் ஆண்டுப் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், விதையைச் சேமிக்கவும் மறுபடி விதைக்கவும் பரிமாறவும் உழவருக்கு உரிமை தருகிறது. வணிகப் பெயரிட்டு விற்கத்தான் தடை. அதன் 41ஆவது பிரிவு, ஒரு ரகம் உருவானதில் ஓர் ஊர் மக்களுக்கோ ஒரு சமுதாயத்துக்கோ பங்கு இருந்தால், அவர்கள் சார்பில் உரிமை கோரலாம் என்கிறது. கோருவதற்கு எழுத்து வேண்டும். நம்மிடம் எழுத்து இல்லை. சேரித் தெருவில் முப்பது ஆண்டுகளாக விளைகிற ஒரு கத்தரியை யாரோ எடுத்துப்போய்ப் பெயர் வைத்துப் பொட்டலத்தில் அடைத்தால், 'இது எங்கள் அம்மாச்சி வைத்திருந்தது' என்று சொல்ல நம்மிடம் என்ன இருக்கிறது? ஒரு நோட்டுப் போடுங்கள். விதையின் பெயர், வீட்டில் வழங்கும் பெயர், யாரிடமிருந்து வந்தது, எந்த ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்தது, எப்போது பூக்கும், எதற்கு ஆகும். பல விதைகள் மணமாகி வந்த பெண்ணின் முந்தானையில்தான் ஊர் மாறியிருக்கும். அந்தப் பெண்ணின் பெயரையும் எழுதுங்கள்.

பட்டா நகலையும் அதே நோட்டில் ஒட்டிவையுங்கள். 1978ஆம் ஆண்டு ஆதிதிராவிடர் நலத்துக்கு நிலம் எடுக்கும் சட்டத்தின்படி மனை ஒதுக்கி, மேடையில் வைத்துப் பட்டா கொடுத்து, கைதட்டி, புகைப்படம் எடுத்துக்கொண்டு போன பிறகும், அளந்து காட்டாமல், கிராமக் கணக்கில் ஏற்றாமல் விட்ட மனைகள் நம் மாவட்டங்களில் உண்டு. கையில் காகிதம் இருக்கும், கணக்கில் பெயர் இருக்காது. பக்கத்து வயல்காரர் வரப்பை ஒரு அடி தள்ளிப் போட்டால், முதலில் போவது கொல்லைதான். தமிழ்நிலம் இணையதளத்தில் உங்கள் மனையின் எண்ணைப் போட்டுப் பாருங்கள். வீட்டில் படிக்கிற பிள்ளை ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடும். இல்லையென்றால் ஆதிதிராவிடர் நலத் தனி வட்டாட்சியருக்கு மனு எழுதி, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அப்பா இறந்துபோய், அவர் பெயரிலேயே இருக்கும் பட்டாவை மாற்றும்போது, அம்மாவின் பெயரைச் சேர்க்க மறக்காதீர்கள்.

ஆகஸ்ட் 15 கிராமசபைக் கூட்டம் ஆடியின் கடைசி நாட்களில் வருகிறது. பட்டா கணக்கில் ஏறாத மனைகளின் பட்டியலையும், மழைநீர் நத்தத்துக்குள் வராமல் வடிகால் வேண்டும் என்ற கோரிக்கையையும் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். பதிவேட்டில் எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள், வெற்றுத் தாளில் போடாதீர்கள். அந்தக் கூட்டத்துக்குப் போகும்போது முந்தானையில் ஒரு பிடி அவரை விதையையும் முடிந்துகொண்டு போங்கள். தெருவில் இன்னும் விதைக்காத வீடு ஒன்றிரண்டு இருக்கும். ஆடிக்குள் போட இரண்டு நாள் மிச்சமிருக்கும்.